மண்டை நரம்புகள் பன்னிரண்டும் மனப்பாடம், ஆனால் மண்டையில் ஏறவில்லை

முதலாண்டு_முத்து எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.பி.பி.எஸ். முதல் வருடம் படிக்கிறேன். போன வாரம் உடற்கூறியலில் வாய்மொழித் தேர்வு. மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் பன்னிரண்டு ஜோடி மண்டை நரம்புகளைச் சொல் என்றார்கள். முதலாவதான ஆல்ஃபாக்டரி தொடங்கிப் பன்னிரண்டாவதான ஹைப்போகுளோசல் வரை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். சார் தலையாட்டிவிட்டு, "ஏழாவது முகத்தை அசைக்கிற நரம்புதானே, அதற்கு நாக்கில் என்ன வேலை?" என்று கேட்டார். வாயைத் திறக்கவில்லை நான். "சரி, வாயைத் திறப்பது எந்த நரம்பு, அதையாவது சொல்" என்றார். அதுவும் வரவில்லை.

என் கேள்வி இதுதான். இந்தப் பன்னிரண்டுக்கும் ஏதாவது காரணகாரியம் உண்டா, இல்லை கடைசி வரை உருப்போட வேண்டியதுதானா? ஒன்று மணக்கிறது, மூன்று கண்ணைத் திருப்புகிறது, அஞ்சு தொட்டால் தெரிகிறது, ஏழு சிரிக்கவும் வைக்கிறது, ருசியும் பார்க்கிறது. யாரோ சீட்டுக் குலுக்கிப் போட்டு வேலையைப் பிரித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

சுருக்குவழி_சுந்தர் எழுதியது:

தம்பி, நானும் உன் மாதிரி யோசித்து ஒரு வருடத்தை வீணாக்கினவன். 2-2-4-4 என்று வைத்துக்கொள். முதல் இரண்டு முன்மூளை, அடுத்த இரண்டு நடுமூளை, 5 முதல் 8 வரை பான்ஸ் என்கிற மூளைத்தண்டின் நடுப்பகுதி, 9 முதல் 12 வரை முகுளம் என்கிற அதன் அடிப்பகுதி. எது உணர்வு, எது இயக்கம், எது இரண்டும் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. குடும்பப் பாங்கான தளம் என்பதால் இங்கே எழுதவில்லை. சீனியரிடம் கேள், சிரித்துக்கொண்டே சொல்வார். காரணமெல்லாம் பாஸ் ஆன பிறகு தேடு.

எலும்புக்கூடு_வாத்தியார் எழுதியது:

ஓய்வு பெற்ற உடற்கூறியல் ஆசிரியன் நான். சுந்தர் சொன்ன 2-2-4-4 தப்பில்லை. பதினொன்றாவதன் வேர் மட்டும் கழுத்துத் தண்டுவடத்தில் கிடக்கிறது. அங்கிருந்து மண்டைக்குள் ஏறி வேறொரு துளை வழியாக வெளியே வருகிறது. மற்றபடி சரி. ஆனால் மாணவர்கள் தடுக்கி விழுவதே இந்த எண்ணில்தான்.

மூளையை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் போட்டால் அடிப்பக்கத்தில் நூல் நூலாகத் தெரியும். முன்னிருந்து பின்னாக எண்ணிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். யார் என்ன வேலை செய்கிறார் என்று பார்த்து வைத்த வரிசை இல்லை. ரேஷன் கடை வரிசையில் ஏழாவது ஆளுக்கும் எட்டாவது ஆளுக்கும் உறவு இருந்தாக வேண்டுமா என்ன?

அந்த எண்ணிக்கையும் எப்போதும் பன்னிரண்டாக இருக்கவில்லை. பழங்கால ரோமில் இருந்த கிரேக்க மருத்துவர் காலன் ஏழு ஜோடி என்றார். மூக்குக்குப் போவதை அவர் நரம்பாகவே சேர்க்கவில்லை. இன்றைய 7, 8 இரண்டையும் ஒரே ஜோடியாகவும், 9, 10, 11 மூன்றையும் இன்னொரு ஜோடியாகவும் கட்டிப்போட்டார். கிட்டத்தட்ட 1500 வருடம் அதுவே சட்டம். 1664-ல் இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் மூளையைப் பற்றி எழுதியபோது கணக்கு மாறியது. அந்தப் புத்தகத்துக்குப் படம் வரைந்து உதவியவர் கிறிஸ்டோபர் ரென், லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே கட்டடக் கலைஞர். கடைசியில் 1778-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சோமரிங் என்ற இளைஞர் தன் பட்டத்துக்கான ஆய்வேட்டில் பன்னிரண்டாகப் பிரித்தார். நீ உருப்போடுவது அந்த மாணவரின் கணக்கைத்தான்.

அதனால் எண்ணைப் பிடித்துக்கொண்டு காரணம் தேடாதே, கிடைக்காது. காரணம் கருவில் இருக்கிறது. நாளை எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

சுருக்குவழி_சுந்தர் எழுதியது:

சார், மரியாதையோடு சொல்கிறேன், காலன் எத்தனை எண்ணினார் என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை.

பல்_பிடுங்கி எழுதியது:

பல் டாக்டர் நான். ஐந்தும் ஏழும் இரட்டைப் பிள்ளைகள் போலப் பக்கத்திலேயே ஓடுவதால் பட்ட அனுபவம் ஒன்று.

படிக்கிற காலத்தில் ஒரு பெரியவருக்குக் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டேன். தாடை எலும்பின் உள்பக்கத்தில், ஐந்தாவது நரம்பின் மூன்றாம் கிளை எலும்புக்குள் நுழைகிற இடத்தில் மருந்து இறங்க வேண்டும். ஊசியைக் கொஞ்சம் அதிகமாகப் பின்னால் கொண்டுபோய்விட்டேன். மருந்து காதுக்கு முன்னால் இருக்கிற பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போய்விட்டது. ஏழாவது நரம்பு ஐந்து கிளையாக விரிவது அந்தச் சுரப்பிக்குள்தான். சில நிமிடத்தில் பெரியவரின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, கண்ணை மூட முடியவில்லை. பல் மட்டும் மரக்கவே இல்லை! கூட வந்த மகன் என்னை அடிக்கத்தான் பாக்கி. மருந்தின் வேகம் இறங்கியதும் இரண்டு மூன்று மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அது வரைக்கும் அவர் கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

முகத்தைத் தொட்டால் தெரிவது ஐந்து, முகம் அசைவது ஏழு. அன்றைக்குப் பிறகு எனக்கு இது மறக்கவே இல்லை.

முத்து, இன்று வீட்டில் வெங்காயம் நறுக்கும்போது கவனித்துப் பார். கண் எரிவதை மூளைக்குச் சொல்வது ஐந்தாவதன் முதல் கிளை. கண்ணீர்ச் சுரப்பிக்கு ஆணை போவது ஏழாவது வழியாக. கண்ணில் தூசி பட்டால் இமை படக்கென்று மூடுகிறதே, அதுவும் அப்படியே: புகார் ஐந்தில், நடவடிக்கை ஏழில்.

சும்மா_எட்டிப்பார்த்தவன் எழுதியது:

மருத்துவம் தெரியாத ஆள் நான், கணக்கெழுதிப் பிழைக்கிறேன். ஒரு சந்தேகம். காதில் பட்ஸ் விட்டுக் குடைந்தால் எனக்கு இருமல் வருகிறது. மனைவி நடிப்பு என்கிறாள். காதுக்கும் தொண்டைக்கும் ஏதாவது ஒயர் போகிறதா?

காதுமூக்கு_தொண்டை எழுதியது:

போகிறது. மனைவியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். பத்தாவது நரம்பு வேகஸ். லத்தீனில் அலைந்து திரிபவன் என்று பொருள். மண்டையில் கிளம்பி, தொண்டை, இதயம், நுரையீரல் என்று சுற்றிக் குடல் வரைக்கும் போகிறது. போகிற வழியில் ஒரு சின்னக் கிளையைக் காதுத் துவாரத்துத் தோலுக்கும் கொடுக்கிறது. அர்னால்டு நரம்பு என்பார்கள். அதைத் தீண்டினால் தொண்டையில்தான் ஏதோ சிக்கியிருக்கிறது என்று மூளை நினைத்துக்கொண்டு இருமச் சொல்கிறது. எல்லோருக்கும் வராது, சிலருக்கு மட்டும். அது கிடக்கட்டும், பட்ஸ் விட்டுக் குடைவதை முதலில் நிறுத்துங்கள்.

முத்து கேட்ட நாக்கு விஷயத்துக்கு வருகிறேன். ஏழாவதிலிருந்து பிரியும் சுவைக் கிளைக்குக் கோர்டா டிம்பனி என்று பெயர். நாக்குக்குப் போக வேண்டியது நேராகப் போகாமல் நடுக்காதுக்குள் புகுந்து, செவிப்பறையின் பின்பக்கத்தில், சுத்தி, பட்டடை என்ற இரண்டு குட்டிக் காதெலும்புகளுக்கு நடுவே கொடிக்கயிறு மாதிரி குறுக்கே போகிறது. காது அறுவை செய்யும்போது மைக்ராஸ்கோப்பில் வெள்ளை நூலாகத் தெரியும். கொஞ்சம் இழுபட்டாலும் நோயாளி மறுநாள், "டாக்டர், காபி தகரம் மாதிரி இருக்கிறது" என்பார். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம். சொல்லாவிட்டால் காதில் கைவைத்தவன் நாக்கைக் கெடுத்துவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும்.

எலும்புக்கூடு_வாத்தியார் எழுதியது:

டாக்டர் நல்ல இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். நாக்குக்குப் போகிறவன் ஏன் காதைச் சுற்ற வேண்டும்?

கருவுக்கு நாலைந்து வாரம் ஆகும்போது கழுத்துப் பக்கத்தில் மடிப்பு மடிப்பாகத் திரளும். தொண்டை வளைவுகள் என்று பெயர். மீனில் இதே இடத்தில்தான் செவுள் வருகிறது. ஒவ்வொரு வளைவும் ஒரு தனிக் குடும்பம்: அதற்கென்று ஒரு தமனி, ஒரு குருத்தெலும்பு, கொஞ்சம் தசை, ஒரு நரம்பு. முதல் வளைவின் நரம்பு 5, இரண்டாவதுக்கு 7, மூன்றாவதுக்கு 9, நாலுக்கும் ஆறுக்கும் 10.

பிறகு தசைகள் ஊர் ஊராகக் குடிபெயரும். இரண்டாவது வளைவின் தசை முகமெங்கும் பரவி, சிரிக்கவும் முறைக்கவும் விசிலடிக்கவும் ஆகிறது. எங்கே போனாலும் நரம்பு மாறாது. பெண்ணை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தாலும் பொங்கல் சீர் பிறந்த வீட்டிலிருந்துதானே வரும்? தசை இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்காதே, எந்த வீட்டில் பிறந்தது என்று பார். அதன் நரம்பு தெரிந்துவிடும்.

டைகாஸ்ட்ரிக் என்று தாடைக்கடியில் ஒரு தசை. முன்வயிறு, பின்வயிறு என்று இரண்டு பகுதி, நடுவில் ஒரு நாண். முன்பாதிக்கு ஐந்தாவது, பின்பாதிக்கு ஏழாவது. ஒரே தசைக்கு இரண்டு நரம்பா என்று நான் படிக்கும்போது எரிச்சலாக இருந்தது. முன்பாதி முதல் வளைவில் பிறந்தது, பின்பாதி இரண்டாவதில். இரண்டு வீட்டுச் சீர். உன் வாயைத் திறக்கிறதில் அந்த முன்பாதிக்கும் பங்கு உண்டு. மற்றவையும் பெரும்பாலும் ஐந்தாவதன் மூன்றாம் கிளையைச் சேர்ந்தவைதான். உன் சாருக்கு அந்தப் பதில் போதும்.

இனி காது. சுத்தியும் பட்டடையும் முதல் வளைவின் குருத்தெலும்பிலிருந்து வந்தவை, அங்கவடி என்ற மூன்றாவது காதெலும்பு பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து. நடுக்காது என்பதே இந்த இரண்டு குடும்பத்துக்கும் நடுவே இருந்த சந்து. இரண்டாவது குடும்பத்து நரம்பு அந்தச் சந்து வழியாகப் போய், முதல் குடும்பத்து நரம்போடு சேர்ந்து நாக்குக்குப் போகிறது. அது சுற்றிப் போகவில்லை. அது போன பாதையில் பிறகு காது வந்து உட்கார்ந்துகொண்டது.

நாக்கே ஒரு கூட்டுக் குடும்பம். முன் மூன்றில் இரண்டு பங்கில் சூடு, வலி, தொடுகை ஐந்தாவது, சுவை ஏழாவது. பின்பங்கில் இரண்டுமே ஒன்பதாவது. அடித்தொண்டைப் பக்கத்து ஓரத்தில் பத்தாவது. அசைப்பது பன்னிரண்டாவது, ஏனென்றால் நாக்கின் தசை தொண்டை வளைவைச் சேர்ந்ததே இல்லை. பின்மண்டைப் பக்கத்திலிருந்து தன் நரம்பையும் கூட்டிக்கொண்டு வந்தது. அண்ணத்தோடு இணைக்கிற ஒரு தசையை மட்டும் பத்தாவது வைத்துக்கொண்டது. பச்சை மிளகாயைக் கடித்தால் ருசி போவது ஏழில், எரிச்சல் போவது ஐந்தில். காரத்தைச் சுவை என்று நாம் சொன்னாலும் நரம்புக் கணக்கில் அது வலி.

சுருக்குவழி_சுந்தர் எழுதியது:

சார், பொங்கல் சீர் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் குடும்பக் கதைக்குள் 1, 2, 8 வரவே இல்லை. 3, 4, 6 மூன்றும் கண்ணோடு சரி. பன்னிரண்டில் பாதிதான் தேறுகிறது. மீதியை மனப்பாடம்தானே செய்ய வேண்டும்? அதோடு முதல் இரண்டும் நரம்பே இல்லை, மூளையின் நீட்சி என்று எங்களுக்குச் சொன்னார்கள். பட்டியலே பிழை.

எலும்புக்கூடு_வாத்தியார் எழுதியது:

நியாயமான கேள்வி. பார்வை நரம்பைப் பற்றி நீ சொன்னது சரி. மூளையைச் சுற்றியிருக்கிற உறைகள் அதன்மேலும் தொடர்கின்றன. அதனால்தான் மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் கண் டாக்டர் உள்ளே பார்த்துக் கண்டுபிடிக்கிறார். முதலாவதை முழுசாக அப்படித் தள்ள முடியாது. மூக்கின் கூரையில் சல்லடை மாதிரி ஒரு எலும்பு. அதன் துளைகளில் நுழைந்து ஏறும் சின்னச் சின்ன இழைகள் மூக்கில் இருக்கிற செல்களின் வால்கள். அவை நிஜ நரம்புதான். மேலே இருக்கிற குமிழும் தண்டும்தான் மூளை. 1, 2, 8 மூன்றும் மூக்கு, கண், காது என்று வாசலில் நிற்பவை. அவற்றுக்குக் கதை வேண்டாம்.

3, 4, 6-க்குக் கதை உண்டு, ஆனால் வேறு மாதிரி. நாலாவதை மட்டும் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது. பன்னிரண்டிலும் மெலிந்தது அதுதான். மூளைத்தண்டின் முதுகுப் பக்கத்திலிருந்து வெளியே வருவதும் அது ஒன்றே. வெளியே வருமுன்பே மறுபக்கத்துக்குத் தாண்டிவிட்டு, பிறகு தண்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் வருகிறது. இவ்வளவு பாடுபட்டுக் கண்ணைத் திருப்பும் ஒரே ஒரு தசைக்கு வேலை சொல்கிறது. அது பழுதானால் மாடிப்படி இறங்கும்போது படி இரண்டு இரண்டாகத் தெரியும், நோயாளி தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே உட்காருவார்.

யாழ்_தாதி எழுதியது:

கனநாளாக வாசிக்கிறனான், இப்பதான் எழுதுகிறேன். வாத்தியார் ஐயா ஆறாவது வளைவைச் சொல்லிவிட்டு விட்டுவிட்டார். வார்டில் நாங்கள் அதைத்தான் அடிக்கடி பார்ப்பது.

வேகஸின் ஒரு கிளை குரல் நாணுக்குப் போக வேண்டும். குரல்வளை கழுத்தில்தானே இருக்கிறது? ஆனால் இடப்பக்கக் கிளை நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெருந்தமனியின் வளைவுக்குக் கீழால் சுற்றித் திரும்ப மேலே ஏறுகிறது. வலப்பக்கக் கிளை அவ்வளவு தூரம் போவதில்லை, தோள் தமனியைச் சுற்றிக்கொண்டு ஏறிவிடும். கருவில் இதயம் கழுத்தடியில் இருந்தபோது நரம்பு தமனிக்குக் கீழால் போனது. இதயம் நெஞ்சுக்கு இறங்க நரம்பையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே கதைதான், அதன் கழுத்தின் நீளத்துக்கு நினைத்துப் பாருங்கோ.

அதனால் குரல் கம்மிப்போய் மூன்று கிழமைக்கு மேலாக இருந்தால், தொண்டையைப் பார்ப்பதோடு டாக்டர் நெஞ்சுப் படமும் எடுக்கச் சொன்னால் ஏன் என்று கோபப்படாதீர்கள். இடது நுரையீரலின் மேல்பக்கத்துக் கட்டியோ வீங்கின நெறிக்கட்டியோ அந்த நரம்பை அமுக்கியிருக்கலாம். தைராய்டு அறுவையிலும் டாக்டர்மார் இந்த நரம்புக்குத்தான் பயப்படுவார்கள். காலனின் கணக்குப் பிழையென்றாலும், ரோமில் கூட்டத்துக்கு நடுவே கத்திக்கொண்டிருந்த பன்றியின் இந்த நரம்பை வெட்டி அதன் சத்தத்தை நிறுத்திக் காட்டியவர் அவர்தான்.

ஒரு சின்னப் பெருமையும் சொல்லவேண்டும். எங்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19-ம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர். உடற்கூற்றியலை அவர் அங்காதிபாதம் என்று எழுதினார். தம்பி முத்து, அந்தச் சொல்லோடு பார்த்தால் நீ படிக்கிற பாடம் எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது!

கோணல்_சிரிப்பு எழுதியது:

நீங்கள் படிப்பாகப் பேசுவதை நான் முகத்திலேயே வைத்திருக்கிறேன். பத்து நாளைக்கு முன் காலையில் பல் துலக்கிக் கொப்பளித்தால் தண்ணீர் வலப்பக்கமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் என்னுடையது, பாதி யாருடையதோ. இரவுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தது, காற்று அடித்துவிட்டது என்றார் அம்மா. பக்கவாதம் என்று நினைத்து ஓடினோம். அவசரப் பிரிவில் டாக்டர் செய்த முதல் வேலை, "புருவத்தைத் தூக்குங்கள்" என்றது. வலது புருவம் தூக்கவில்லை. அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தூக்காததற்கு எதற்கு நிம்மதி?

காதுமூக்கு_தொண்டை எழுதியது:

நெற்றியின் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆணை வருகிறது. ஒரு பக்க மூளையில் ரத்தம் அடைத்தால் மறுபக்கம் ஈடுகொடுத்து நெற்றி சுருங்கும், வாய் மட்டும் கோணும். நெற்றியும் சேர்ந்து செத்துக் கிடந்தால் கோளாறு மூளைக்குக் கீழே, பெரும்பாலும் நரம்பிலேயே. அதுதான் அவருடைய நிம்மதி. ஆனால் வாசிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று புருவத்தைத் தூக்கித் தீர்ப்பு எழுதாதீர்கள். முகம் கோணினால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்களுக்கு வந்தது பெல் முகவாதமாக இருக்கும். எடின்பரோவில் பிறந்த சார்லஸ் பெல் 1821-ல் முகத்து நரம்புகளைப் பற்றி எழுதினார், அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே பாரசீகத்து அல் ராசி இதை எழுதிவைத்திருக்கிறார். ஏழாவது நரம்பு எலும்புக்குள் ஒரு குறுகிய சுரங்கம் வழியாக வருகிறது. உள்ளே வீங்கினால் விரிய இடமில்லை. ஆண்டுக்கு லட்சம் பேரில் 20 முதல் 30 பேருக்கு வருகிறது. மருந்தே இல்லாமல் பத்தில் ஏழு பேருக்கு முழுசாகச் சரியாகிறது. 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் இன்னும் நல்லது; 2007-ல் ஸ்காட்லாந்தில் நடந்த பெரிய ஆய்வு அதை உறுதிசெய்தது. கண்ணை மட்டும் விடாதீர்கள். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை ஒட்டிவிட்டுத் தூங்குங்கள்.

கோணல்_சிரிப்பு எழுதியது:

நன்றி டாக்டர். மருந்து இரண்டாம் நாளே தொடங்கிவிட்டார்கள். இன்னொன்று: குக்கர் விசில் வலக்காதில் இடி மாதிரி விழுகிறது. அதுவும் இதுதானா? கண் மூடாமலே போய்விட்டால் என்ன செய்வது?

எலும்புக்கூடு_வாத்தியார் எழுதியது:

குக்கர் விசிலும் அதே ஆள்தான். அங்கவடி எலும்பைப் பிடித்து நிறுத்துகிற ஸ்டேபீடியஸ் என்ற குட்டித் தசைக்கும் ஏழாவதே எஜமான், இரண்டாவது வளைவின் பிள்ளை. பெரிய சத்தம் வந்தால் அது எலும்பை இறுக்கிப்பிடிக்கும். இப்போது பிடிக்க ஆளில்லை. முத்து, பார்த்தாயா? சிரிப்பும் சத்தத்தை அடக்குவதும் ஒரு மனுஷன் முகத்தில் ஒன்றாகப் போயிருக்கின்றன; கண்ணீரும் ருசியும்கூட இதே நரம்பின் வேலைதான். பட்டியலில் இருக்கிற ஏழாவது வரி இதுதான்.

இயன்முறை_ஈஸ்வரி எழுதியது:

கண் மூடாத கேள்விக்கு நான் சொல்கிறேன். வேலூர்ப் பக்கம் தொழுநோயாளிகளுக்கு வேலை செய்திருக்கிறேன். தொழுநோய் ஏழாவதன் கன்ன எலும்புக் கிளையைப் பிடித்தால் இமை மூடாது. ஐந்தாவதையும் பிடித்தால் கண்ணில் தூசி விழுந்தாலும் உறுத்தாது. இரண்டும் சேர்ந்தால் பார்வையே போகும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு அறுவை உண்டு. மெல்லும்போது நெற்றிப்பொட்டில் புடைக்கிற தசையில் ஒரு பட்டையை எடுத்து இமைக்குள் கோத்துவிடுவார்கள். அந்தத் தசைக்கு நரம்பு ஐந்தாவது, அதனால் உயிரோடு இருக்கிறது. பிறகு பயிற்சி என் வேலை: "பல்லைக் கடியுங்கள் ஐயா, கண் மூடும்." முதல்முறை மூடும்போது அவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும். எதையும் மெல்லாத நேரத்திலும் அடிக்கடி பல்லைக் கடிக்கப் பழக வேண்டும்.

கோணல்_சிரிப்பு அண்ணா, உங்களுக்கு அந்த நிலை வராது என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடி முன்னால் மெதுவாகப் பயிற்சி செய்யுங்கள். யூட்யூப் பார்த்து முகத்தை இழுத்து இழுத்து வேகமாகச் செய்யாதீர்கள்.

முதலாண்டு_முத்து எழுதியது:

மறுதேர்வு முடிந்தது. அதே சார். "நாக்கு" என்று மட்டும் சொன்னார். மடமடவென்று சொல்லிக்கொண்டே போனேன். பொங்கல் சீரையும் சொல்லிவிட்டேன், வாயில் வந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டு, "டைகாஸ்ட்ரிக் யாரிடம் படித்தாய்?" என்றார். இணையத்தில் ஒரு வாத்தியார் என்றேன். சுந்தர் அண்ணா, 2-2-4-4-ம் கேட்டார், அதற்கும் நன்றி.

கோணல்_சிரிப்பு எழுதியது:

ஆறு மாதம் கழித்துப் பழைய இழையைத் தோண்டுகிறேன், மன்னிக்கவும். முகம் முக்கால்வாசி வந்துவிட்டது. ஆனால் புதுசாக ஒன்று: சாப்பிட உட்கார்ந்தால் வலக்கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டுகிறது. சாம்பார் வாசனை வந்தாலே ஆரம்பித்துவிடுகிறது. துக்கமெல்லாம் ஒன்றுமில்லை.

காதுமூக்கு_தொண்டை எழுதியது:

முதலைக் கண்ணீர் என்றே பெயர். நரம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளர்ந்து திரும்பும்போது சில இழைகள் வழி மாறிவிடுகின்றன. உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டியது கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாயில் எச்சில் ஊற வேண்டிய நேரத்தில் கண்ணில் ஊறுகிறது. தொந்தரவு அதிகமானால் சுரப்பியில் ஊசி போட வழி இருக்கிறது, நேரில் காட்டுங்கள்.

கோணல்_சிரிப்பு எழுதியது:

ஊசி இப்போதைக்கு வேண்டாம் டாக்டர். போன வாரம் மாமியார் வீட்டு விருந்தில் முதல் கவளத்திலேயே கண் கலங்கிவிட்டது. தன் கைப்பக்குவத்தை நினைத்துத்தான் அழுகிறேன் என்று மாமியார் நினைத்துக்கொண்டார். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், மனைவி காலை மிதித்துவிட்டாள். எனக்கு மட்டும் இரண்டாவது அப்பளம் வந்தது.